நான்கு மில்லிமீட்டர்

ப்ளைனாவ் ஃபெஸ்டினியோக்.
வேல்ஸில் மழை நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊர்.
பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு தூறல் வந்து போய்விடும்.
இங்கே போய்க்
கூரையில்லாத வண்டி வாங்கினேன்.

அறுபத்தெட்டாம் வருடத்து எம்ஜிபி. பச்சை.
விற்றவர் கதவைத் தட்டிக் காட்டி
"துருவா? மருந்துக்கும் கிடையாது" என்றார்.
நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
ஒன்றுமில்லை, லேசான வலிதான் என்று வருபவர்களின்
உடைந்த எலும்பைப்
பன்னிரண்டு வருடமாகப் பார்ப்பவள்.
ஆனாலும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
பச்சை அப்படி.

கதவுக்குக் கீழே சுரண்டினேன்.
பெயின்ட், அப்புறம் பட்டி,
அப்புறம் கோழிக்கூண்டு வலை,
வலைக்குப் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள்.
சோறும் ஊசிப்போயிருந்தது.
தாளை விரித்துப் படித்தேன்:
லான்டட்னோ நாய்க் கண்காட்சியில்
மூன்றாம் பரிசு வாங்கியதன் முகம்
ஈரத்தில் பாதி கரைந்து
இன்னும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கெத்தின் ஒன்றே ஒன்று சொன்னான்:
"அறுப்பதற்கு முன்னால்
இரண்டு கதவு வாய்க்கும் குறுக்கே
கம்பி வைத்துப் பற்றவை.
மற்ற வண்டியைக் கூரை பிடித்துக்கொள்ளும்.
இதற்கு இந்தப் படிதான் முதுகெலும்பு."
முதுகெலும்பைப் பற்றி
எனக்கே பாடமா?

ஞாயிற்றுக்கிழமை. கையில் கிரைண்டர்.
பொறி பறக்கிற சுகம் யாரை யோசிக்க விட்டது.
அறுத்தேன்.

சத்தம் எதுவும் வரவில்லை.
நடுவில் மெல்லத் தொய்ந்தது வண்டி,
இரவுப்பணி முடிந்தவள்
காலணியோடு கட்டிலில் சாய்வதுபோல.
கதவைச் சாத்தப் போனேன், சேரவில்லை.
மேல் இடுக்கில் ஒரு காகிதம் நுழையாது.
கீழே என் கட்டைவிரல் போகும்.
இருக்கவேண்டியது சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர்.

கெத்தின் வந்தான், பார்த்தான், உள்ளே போனான்.
கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது.
"அன்றே சொன்னேனே" என்ற இரண்டு சொல்லையும்
தன் டீயில் கலக்கிக் குடித்துவிட்டிருக்க வேண்டும்.
என் கோப்பையில்
சர்க்கரை மட்டும்தான் இருந்தது.

அதன்பின் இரவுதோறும்
வண்டியின் வயிற்றுக்கடியில் ஜாக்கி.
ஒரு சுற்று. அளந்து பார். இன்னும் கால் சுற்று.
பொறு, இரும்பு யோசிக்கட்டும்.
நான்கு மில்லிமீட்டர் துளைக்கம்பியை
இடுக்கில் விட்டுப் பார்ப்பேன்.
அவன் டார்ச் பிடித்தபடி கொட்டாவி விடுவான்,
வெளிச்சமும் கூடவே கொட்டாவி விடும்.
சாப்பாட்டு மேசையில்
ரொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கார்புரேட்டர்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
வெண்ணெயில் பெட்ரோல் வாசம்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்,
முடிவுக்கு வராத ஒரு பேச்சின் நடுவே
கை தற்செயலாகத் தள்ள,
டொப்.
கதவு சேர்ந்தது.
திறந்தோம். சாத்தினோம். திறந்தோம். சாத்தினோம்.
பக்கத்து வீட்டு ஐவோர் ஜன்னலைத் தூக்கி
"எத்தனை பேர்தான் வந்து இறங்குகிறார்கள்?" என்றார்.

துணிக்கூரை மே மாதம்தான் வருமாம்.
"காத்திரு" என்றான்.
எனக்கா அது முடியும்?

கணவாய்ச் சாலையில் ஏறும்போதே பிடித்துக்கொண்டது மழை.
ஆனால் நாற்பது மைலுக்கு மேல் போனால்
அது முன்கண்ணாடியில் ஏறி
நம் தலையைத் தாண்டிக் குதித்துவிடுகிறது!
ஊரே நனைய
நனையாத இரண்டு பைத்தியங்கள்,
பின்னால் நீல நிறத்தில் கொஞ்சம் புகை.

வளைவு தாண்டியதும் ஆடுகள்.
சாலை முழுக்க. அவசரமே இல்லாமல்.

நின்றோம்.
தாண்டிப் போன மழையெல்லாம் திரும்பி வந்து
வட்டியோடு எங்கள் மடியில் இறங்கியது.
ஒரு ஆடு என்னையே பார்த்தபடி மென்றது.
"அன்றே சொன்னேனே" என்றான் கெத்தின்,
ஐந்து மாதப் பாக்கியை
ஒரே தவணையில் வாங்கிக்கொண்டு.
மூக்கு நுனியில் சொட்டச் சொட்டச் சிரித்தான்.

நான் பதில் சொல்லவில்லை.
கதவைத் திறந்து
ஒருமுறை சாத்தினேன்.
டொப்.