குலுக்கிப் பார்த்தல்

ஓஷ் சந்தையில் புருலாய்
ஒவ்வொரு வால்நட்டையும்
காதருகே வைத்துக் குலுக்குகிறாள்.
கலகலத்தால் பருப்பு சுருங்கிப்போனது,
வேண்டாம்.
பேசாததே நிறைந்தது என்பது
அவள் கணக்கு.

மாஸ்கோவிலிருந்து எர்மெக்
மூன்று வருடமாய்த் தொலைபேசியில்
"ம்" என்கிறான், "சரி" என்கிறான்.
அதையும் இப்படித்தான்
எடைபோட்டு வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை வருகிறான்.
தேனும் மிளகாய்த்தூளும் புரட்டி வறுக்க
இரண்டு கிலோ.
கடைக்காரன் முணுமுணுத்தான்:
இதற்குள் ஒரு லாரியே ஏற்றியிருக்கலாம்.

வீட்டில் உடைத்தாள்.
சத்தமே போடாத ஒன்று, நல்ல கனம்,
உள்ளே முழுக்கக் கறுப்பு.
பூசணம்தான் ஓட்டோடு
இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது நன்றாக இருந்தது.
அதற்கடுத்ததும்.

சுத்தியலைக் கையில் வைத்தபடி
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு அடுப்பைத் தணித்து
தேனைக் குறைத்தாள்.

மிளகாயை அல்ல.