நாற்பது ஏக்கர் வானம்

சர்வேயர் விமலசூரிய மாத்தயாவுக்குச்
சங்கிலி பிடிக்கிறவன் நான்.
சங்கிலி போய் வெகுகாலம். இப்போது
முக்காலியில் ஒரு பெட்டி, சிவப்பாய்க் கண் சிமிட்டும்.
என் வேலைக்கு மட்டும் பெயர் மாறவில்லை.

நுவரெலியாவிலிருந்து ராகலை பஸ்ஸில் இருபது நிமிடம்,
ரோட்டுக்கு மேலே மாநகரசபைக் காடு.
காட்டின் காலடியில் மாநகரசபை நிலம்:
லீக்ஸ், லீக்ஸுக்கு அப்பால் கோவா,
வருடத்துக்கொரு தரம் புதுப்பிக்கிற சீட்டில்
முப்பத்தொரு குடும்பம்.

முதல் நாள் இருபது கட்டை அடித்தோம்.
கினா மரத்து வேர் கட்டையை ஏற்கவில்லை,
கோடரியின் பின்புறத்தால் ஏற்க வைத்தேன்.
அட்டைகள் மட்டும் ஆட்சேபனை தெரிவித்தன,
என் கெண்டைக்காலில், ஏழு இடத்தில்.

மறுநாள், இருபத்திமூன்றாம் கட்டை
அடித்த அடியில் இறங்கிவிட்டது.
பிடுங்கினேன். குழிக்குள் தண்ணீர்
அவசரமில்லாமல் ஏறி
விளிம்பில் நின்று என்னைப் பார்த்தது.
'மூன்றடி தள்ளு' என்றார் மாத்தயா.
தள்ளினேன். அங்கேயும்.
'விடு, தாளில் போட்டுக்கொள்கிறேன்.'
தாளில் அந்த இடம்
நன்றாகக் காய்ந்திருந்தது.

அந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும்.
பணிய லயத்துப் பீலியில் விழுவது அது.
லீக்ஸ் கழுவுகிற சோமலதாவின் விரல்களை
விடியற்காலையில் விறைக்க வைப்பது அது.
டவுன் டாங்கியில் குளோரின் பூசிக்கொண்டு
கச்சேரி ஐயாமாரின் தேநீரில்
கொதிப்பதும் அதுதான்.

மாநகரசபைச் சுவரில் மும்மொழியில் அறிவித்தல்.
சிங்களத்தில் காடு. ஆங்கிலத்தில் காடு.
தமிழில் மட்டும் வனத்துக்கு ஒரு கால் முளைத்து
வானமாக நடந்து போயிருந்தது:
'சபைக்குரிய நாற்பது ஏக்கர் வானம்
உல்லாச விடுதிக்குக் குத்தகைக்கு விடப்படும்.
ஆட்சேபனை இருப்பின் பதினான்கு நாட்களுக்குள்.'

சிரித்தோம். பஸ் வரும்வரை சிரித்தோம்.
அழகுமணி சிரிக்கவில்லை.
'பிழை என்ன பிழை? மரம் போனபிறகு
மிஞ்சப்போவதைத்தானே போட்டிருக்கிறான்.'

சவரிமுத்து சொன்னான்:
'விடுதி வந்தால் மகனுக்கு வேலை.
லீக்ஸ் என்ன தந்தது எனக்கு,
உரக்கடைக் கடனைத் தவிர?'
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
என்னிடமும் பதில் இல்லை.
ஊரான் காணியெல்லாம் அளக்கிற என் பெயர்
ஏழு பேர்ச் வீட்டுக்கான லிஸ்டில்
பதினோரு வருடமாய் நிற்கிறது.

அன்றிரவு எழுதினேன். பொருள்: வானம்.
ஐயா,
வானத்தை நீங்கள் குத்தகைக்கு விடுவதில்
எனக்கு ஆட்சேபனை இல்லை.
அதன் கீழே இருபத்திமூன்றாம் கட்டைக்கு இடமில்லை.
அங்கே ஊற்று இருக்கிறது. வரைபடத்தில் இல்லை.
கட்டை அடித்தவன் எழுதுகிறேன்.
பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து.
'சங்கிலி பிடிப்பவர்' என்றும் போட்டேன்,
யாரென்று தேடி அலைய வேண்டாமே.

கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தரம் வாசித்தாள்.
உள்ளே போனாள். நேரமானது.
வந்து முத்திரை குத்தினாள்:
தமிழ் அறிவித்தல் பிழை, திருத்தி ஒட்டப்படும்,
ஒட்டுகிற நாளிலிருந்து
மேலும் பதினான்கு நாள்.

எழுத்தடித்த புண்ணியவானே,
உன் விரல் வழுக்கியதா, வழுக்க விட்டாயா?

அதற்குள் முப்பத்தொரு குடும்பமும் எழுதும்.
சோமலதா சிங்களத்தில் எழுதிவிட்டாள்.
சவரிமுத்து ஒரு வெற்றுத்தாளை வாங்கிப்போனான்,
எதற்கென்று சொல்லவில்லை.
மாத்தயா இரண்டு நாளாய் என்னோடு பேசவில்லை,
பெட்டியைத் துடைக்கிறார், துடைத்ததையே துடைக்கிறார்.
வேலை போனாலும் போகும்.

பிடுங்கிய கட்டை என் வீட்டில் கிடக்கிறது.
நேற்று அடுப்பில் வைத்தேன்.
புகைந்தது, சீறியது,
பற்றவில்லை.