தொண்டைக்குழி

முப்பத்தொரு ஆண்டுகள்
ஒரே சொல்லுக்கு அட்டைகள் எழுதினேன்,
ஹைஃபாவில், கர்மேல் சரிவில்,
வெயில் விழாத ஓர் அறையில்.
நெஃபெஷ்.
ஆன்மா என்று பெயர்த்தவர்களோடு
சண்டை போட்டே தலை நரைத்தது.

ஆன்மா இல்லை ஐயா, தொண்டை.
முதலில் தொண்டை.
பசிப்பது, விக்குவது,
வெள்ளம் ஏறினால் முதலில் பதறுவது.
மண்ணுக்குள் மூச்சை ஊதியபோது
மனிதனுக்கு நெஃபெஷ் கிடைக்கவில்லை;
மனிதனே நெஃபெஷ் ஆனான்.
மாநாட்டுக்கு மாநாடு இதையே சொன்னேன்.
லூவனில் ஒருவர்
நாற்காலியைச் சத்தமாய்த் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

இப்போது தொண்டையில் துளை.
பிளாஸ்டிக் குழாய், நீல நாடா,
சளி உறிஞ்ச ஒரு மோட்டார்.
என் ஆய்வின் முழு ஆதாரமும்
கட்டுத்துணிக்கு அடியில் கிடக்கிறது.

இரவுப் பணிக்கு ரஸ்மியா வருவாள்,
ஷெஃபாம்ரிலிருந்து, இரண்டு பஸ் மாறி.
மோட்டார் உறிஞ்சும் அந்தச் சில நொடிகள்
உயிர் அங்கேயே, குழியிலேயே நிற்கும்.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.
“நஃபஸ், நஃபஸ்” என்பாள் தன் மொழியில்.
மூச்சு, மூச்சு.
அட்டை எண் நானூற்றுப் பன்னிரண்டு:
அரபு உறவுச்சொல், காண்க.
கண்டேன்.

வெளியே ஹம்சின்.
ஜன்னல் சந்தில் கொஞ்சம் மணலை
வைத்துவிட்டுப் போகிறது.
காற்றுக்கு ரூவாஹ் என்று பெயர்;
கடவுளின் ஆவிக்கும் அதே பெயர்.
அந்தச் சொல் பக்கத்து அறை இத்தாமாரின் பங்கு.
எனக்கு அதில் அக்கறை இருந்ததில்லை:
கேளாமல் வரும், கேளாமல் போகும்,
எந்த இழுப்பறையிலும் அடங்காது.
ஈரப்பதக் கருவியின் வெள்ளை ஆவி
கழுத்துக்குள் நுழைந்து திரும்புகையில்
எது கருவியுடையது, எது என்னுடையது,
எது அன்று மண்ணில் ஊதியவருடையது
என்று பிரித்து எழுத
கையில் ஓர் அட்டைகூட இல்லை.

பன்னிரண்டாம் இரவு
“விரலால் துளையை மூடிப் பேசுங்கள்” என்றாள்.
மூடினேன்.
வழி அடைபட்ட காற்று
பழைய பாதையைத் தேடி மேலேறியது.
துருவேறிய கீல்போல
ஏதோ கிறீச்சிட்டது.

இதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
இரண்டு வேர்ச்சொற்களும் வரும், நல்ல வாக்கியம்.
வாயில் வந்தது:
“தண்ணீர்.”

“டாக்டர் இன்னும் சொல்லவில்லையே” என்றாள்.
பஞ்சை நனைத்து
உதட்டில் வைத்தாள்.
பல்லால் பிடித்துக்கொண்டேன்;
அவள் இழுத்தும் விடவில்லை.