‘பல’ என்ற சொல்லுக்குச் சான்று

இரவு பதினொன்றுக்கு மேல்
வரவேற்பு மேசையில் வேலை கிடையாது.
சாவிக்கொத்து, மணி, கொசுவர்த்தி,
கணினியில் இணையக் கலைக்களஞ்சியத்தின்
எங்கள் ஊர்ப் பக்கம்.

‘வெள்ளியேந்தல், காரைக்குடிக்குத் தெற்கே
பதினான்கு கிலோமீட்டர்.’
அதுவரை யாருக்கும் சண்டையில்லை.

அடுத்த வரி ‘கண்கொள்ளாக் காட்சி’ என்றது.
கண்ணையும் எடுத்தேன், காட்சியையும் எடுத்தேன்.
‘ஒப்பற்ற’ போயிற்று. ‘அரண்மனை போன்ற’ போயிற்று.
சுவர்ப்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு என்ற இடத்தில்
எத்தனை முட்டை, யார் வீட்டுக் கோழி என்று கேட்காமல்
‘சான்று தேவை’ என்று மட்டும் ஒட்டினேன்.

பிறகு நானாக ஒரு வரி சேர்த்தேன்:
‘பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.’

விடிவதற்குள் அது ‘சில வீடுகள்’ ஆகியிருந்தது.
திருத்தியவர் பெயர் முகப்பு1931.
பல என்றேன். சில என்றார்.
பல. சில. பல.
பதினாறு இரவு, ஓரெழுத்துக்காக.
பக்கத்தின் நெற்றியில் ஒரு தராசுப் படம் வந்து உட்கார்ந்தது:
‘இக்கட்டுரையின் நடுநிலை கேள்விக்குள்ளாகியுள்ளது.’
ஊரில் ஒருவருக்கும் தெரியாது.
ஊருணியில் தண்ணீர் அதே படியில்தான் நின்றது.

விடுப்பு நாளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எண்ணப் போனேன்.
பூட்டு துருவேறியிருந்தால் ஒன்று.
பூட்டு புதிது, ஆனால் வாசலில் எருக்கு முளைத்திருந்தால் ஒன்று.
வருஷத்துக்கொரு தரம் படைப்புக்கு மட்டும் திறக்கும் வீட்டை
அரை என்று எழுதி, அடித்து, ஒன்று என்றேன்.
ஒரு வீட்டுக்கு முப்பத்தெட்டுப் பங்காளிகள்;
சாவி ஈப்போவில் என்றார் காவல்காரர்.
கல்யாணமானால் இங்கே ஒரு புள்ளி,
கோயில் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி.
‘புள்ளியெல்லாம் சரியாத்தான் இருக்கு,
கோலத்தைத்தான் காணோம்’ என்று சிரித்தார்.

நூற்றிருபத்தொன்றில் எண்பத்துநான்கு.
எழுதினேன். அழித்தார்கள்:
‘சொந்த ஆய்வு ஏற்கப்படாது.’
நியாயந்தான். நாளைக்கு நான்
கம்மாயில் திமிங்கிலம் எண்ணிவிட்டும் வரலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும்.
எனக்குச் சம்பளம் தருவது இந்த விடுதி.
பூட்டியிருந்த வீட்டைத் திறந்துதான் விடுதி ஆக்கினார்கள்.
‘அந்த வரியைப் படித்தால் ஆள் வருவானா ஜெசிந்தா?’ என்று
தேனப்பன் சார் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.
படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.
வந்து பூட்டைப் படமெடுக்கிறார்கள்.

எங்கள் தெருவையும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன்:
சந்தைக்குப் பின்னால், அறுபது வீடு, எல்லாம் திறந்தவை.
‘குறிப்பிடத்தக்கதல்ல’ என்று அன்றைக்கே தூக்கினார்கள்.
தூக்கியது முகப்பு1931 இல்லை.
அவர் மீட்டுப் போட்டார். அதுவும் நிற்கவில்லை.

ஆவணியில் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர்.
இரண்டு இரவு, இலவசம், இரண்டாம் தரமும் வெள்ளைப் பணியாரம்.
கிளம்பும்போது பேனாவைத் திறந்துகொண்டு
‘எவ்வளவு வீடு பூட்டியிருக்கும்?’ என்றார்.
ரசீதை மடித்தபடி ‘பல’ என்றேன்.

ஞாயிறு இணைப்பில் வந்தது:
‘பல வீடுகள் பூட்டிக் கிடப்பதாக
ஊர்மக்கள் தெரிவிக்கின்றனர்.’
மக்கள் என்றால் நான் ஒருத்தி.
அதை அடிக்குறிப்பு ஏழாகச் சேர்த்தது நானில்லை,
முகப்பு1931.
தராசு இறங்கிவிட்டது.

நேற்று அவருக்கு எழுதினேன்:
உங்கள் வீடு எந்தத் தெரு?
சற்றுமுன் பதில்:
‘படைப்புக்கு மட்டும் திறப்போம்.
எங்களை எப்படி எண்ணினீர்கள்?’

நோட்டில் அந்த அடித்தலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
மணி அடிக்கிறது. மூன்றாம் அறையில்
ஏசி ஓடவில்லையாம்.