பனிக்கு ஒரு திரை

ஐந்து ரோட்டுக் கடையில்
எல்லா மானிட்டரிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி.
"கலர் பாருங்க சார்" என்றான் பையன்.
பென் டிரைவை நீட்டினேன்:
ஏற்காடு, பதினேழாவது கொண்டை ஊசி வளைவு,
மார்கழி, காலை ஆறே முக்கால்.
வெறும் பனி.

முதல் திரையில் அது நீலம் பூத்தது.
அடுத்ததில் சுண்ணாம்பு.
விலை சொல்லவே அவன் தயங்கிய மூன்றாவதில்
சாம்பல் சாம்பலாகவே இருந்தது,
அதற்குள் ஒருவர்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்.
எடுத்தபோது நான் பார்க்காதவர்.

ராம் பாதியாகிவிட்டது.
கிராபிக்ஸ் கார்டு அடுத்த போனஸுக்கு.
பழைய சிபியு இரைந்தால் இரையட்டும்.

வீட்டில் வைத்ததும்
அவர் சட்டையில் லேசாக ரோஸ் ஏறியது.
திரையில் குறையில்லை, சுவர்தான்.

ஹவுஸ் ஓனர் சென்றாயனிடம்
சாம்பல் பெயிண்ட் அடிக்கலாமா என்றேன்.
"சாம்பலா?
வெள்ளிக்கிழமை அதுவுமா?"