மேல்கட்டில்

ரொட்டிக் கம்பெனி வேன் அது.
கருங்கலில் ஒருத்தர் விற்றார்.
இப்போதும் பின்கதவைத் திறந்தால்
பன் வாசம்.
அதற்குள்ளே ஒரு வீடு வைக்கிறேன் என்று
இவர் இரண்டு மாசம் வெல்டிங் பொறி பறக்கவிட்டார்.
என்னை எட்டிப் பார்க்கவும் விடவில்லை.

பெயின்ட் காய்ந்த அன்று காட்டினார்.
ஒற்றை அடுப்பு. மடக்கு மேசை.
குளச்சல் வலைத்துண்டில் தைத்த சாமான் பை.
அப்புறம்
கீழே ஒரு கட்டில்,
அதற்கு மேலே ஒரு கட்டில்.

சிரிக்கலாமா என்று நின்றேன்.
கல்யாணமாகி இருபத்தொரு வருஷம்.
லீவுகளை எல்லாம் கூட்டினால்
இரண்டு வருஷமும் கொஞ்சம் சில்லறையும்.
அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.
அளவு பார்த்துச் செய்திருக்கிறார்,
ஆறடிக்கு இரண்டே கால்.
குவைத்தில் கம்பெனி கொடுத்த அளவு.
"நீ கீழே படு லீமா, ஏற வேண்டாம்."
பெரிய விட்டுக்கொடுப்பு போலச் சொன்னார்.

குலசேகரம் தாண்டினதும் ரப்பர்.
சிரட்டை கட்டிய மரங்கள் வரிசையாய் வந்து
வரிசையாய்ப் போயின.
ஜீரோ பாயிண்டில் கட்டஞ்சாயா.
பேச்சிப்பாறைத் தண்ணீர்
ஒரு வளைவில் இடதுபக்கம், மறு வளைவில் வலதுபக்கம்,
யாரோ தட்டை மாற்றி மாற்றி ஏந்துவதுபோல்.
இரண்டாம் கியரில் வேன் இருமியது.
பாத்திரங்கள் எல்லாம் முன்னால் வந்தன.
நான் காலால் தள்ளிவிட்டேன்.

மேல் கோதையாறுக்கு விட மாட்டோம் என்றார் வனக்காவலர்.
கடிதம் வேண்டுமாம்.
"எங்கே தங்கப் போறீங்க?"
"இதுக்குள்ளே."
அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
கட்டில் இரண்டையும் பார்த்தார்.
என்னையும் பார்த்தார்.
"ஆனை வரும். லைட்டை அணைச்சிரணும்"
என்று மட்டும் சொன்னார்.

அணைத்தோம்.
மழை தகரத்தில் கொட்டியது,
அப்புறம் சட்டென நின்றது,
அப்புறம் மரங்கள் மட்டும் பெய்தன.
தூரத்தில் பவர்ஹவுஸ் முனகல்.
அதையும் மிஞ்சி இவர் குறட்டை.
லீவில் வரும்போது குறட்டை விட்டதாக நினைவில்லை.
லீவில் தூங்கினாரா என்பதே நினைவில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு
கீழிருந்து பலகையை ஒரு உதை விட்டேன்.
குறட்டை நின்றது.
தூக்கக் குரலில், மிகப் பணிவாக,
"சரி, கரீம் பாய்."

இருட்டில் நான் கண்ணைத் திறந்து கிடந்தேன்.
யார் கரீம் என்று கேட்டேன்.
நேரம் கழித்துப் பதில் வந்தது.
கீழ்க்கட்டில். பதினோரு வருஷம்.
பீகார். சாப்ரா பக்கம்.
முதுகு வலிக்காரர்,
அதனால் கீழே.
இவருக்கு அம்மை போட்டபோது
கஞ்சி வைத்துக் கொடுத்தவர்.
உருளைக்கிழங்கை நகத்தால் உரிப்பார்.
எனக்கு எழுத முடியாத நாட்களில்
எனக்கு என்ன எழுதலாம் என்று
அவரிடம்தான் கேட்பாராம்.

பதினோரு வருஷம்.
எனக்குப் பொறாமை வந்தது.
வெட்கமும் வந்தது, பிறகு.
வெளியே ஏதோ கிளை முறிந்தது.
ஆனையா, காற்றா,
நாங்கள் மூச்சைப் பிடித்துக் கிடந்தோம்,
அவர் மேலே, நான் கீழே,
நடுவில் அரை இஞ்சுப் பலகை.
அப்புறம் அவர் கை மட்டும் ஓரமாய்த் தொங்கியது.
பிடித்துக்கொண்டேன்.
கொஞ்ச நேரத்தில் மரத்துப்போனது என்று
இழுத்துக்கொண்டார்.

விடியலில் மலை தெரியவில்லை, மேகம்தான்.
பல் தேய்த்தபடி கட்டிலைத் தட்டிப் பார்த்தேன்.
"இதை கழற்ற முடியாதா?"
"நான் வச்ச வெல்டு" என்றார்,
கொஞ்சம் கோபமாகவே.
"கழறாது. அறுக்கத்தான் செய்யணும்."

சிக்னல் வந்த வளைவில் வண்டியை ஓரம் கட்டி
சாப்ராவுக்குப் போட்டார்.
முழுசாய் அடித்து ஓய்ந்தது.
இன்னொரு தடவை போடவில்லை.

குலசேகரத்தில் ஒரு குலை மட்டிப்பழம் வாங்கினேன்.
கீழே வைத்தால் நசுங்கும்.
மேல்கட்டிலில் படுக்க வைத்து
அவர் சாரத்தால் போர்த்தினேன்.
வீடு வரைக்கும்
பன் வாசமும் பழவாசமும்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.