ஆறு மில்லி கம்பி

மூன்று நாளாய் வாடை.
டச்சுக்குடாப் பக்கம் கடல் சாம்பல் நிறம்.
மின்மாற்றி வெடித்ததில் தெரு முழுக்க இருட்டு.
வேறு வேலையில்லாமல்
உரையோடு கூடிய பழம்பாட்டுப் புத்தகமொன்றை
மெழுகுதிரியருகே விரித்தேன்.
நனைந்து வந்த பாணர் கூட்டத்துக்கு
யாரோ ஓர் அரசன் ஊன் சுட்டுக் கொடுக்கிறான்.
பசித்தது.

காழ் என்றால் என்ன?
இரும்புக் கோல் என்கிறார் உரைகாரர்.
எத்தனை நிமிடம், எவ்வளவு உப்பு,
அதற்கெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை.
சமைத்துப் பார்த்த ஆள் இல்லைப் போலும்.

றிஸ்மியின் தெருவில் மட்டும் கரண்ட் இருந்தது.
அவன் வெல்டிங் கடையில்
ஆறு மில்லி கம்பி, முழ நீளம், ஐந்து துண்டு.
"யன்னலுக்கா அக்கா?"
"ஆட்டுக்கு."
மறுபேச்சில்லாமல் நுனியைக் கூராக்கித் தந்தான்.
பொறி பறந்து மழையில் செத்தது.

தகரக் கொட்டகைக்குள்
லொறிச் சில்லின் பழைய றிம்மில் சிரட்டை மூட்டினேன்.
கொழுப்போடு தொடை இறைச்சி,
நிலாவெளி உப்பு, இடித்த மிளகு.
மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன், திரும்ப வைத்தேன்:
பாட்டின் காலத்தில் அது கடல் கடந்திருக்கவில்லை.
பிறகு எடுத்தேன்.
கப்பலில் வந்ததையெல்லாம் மறுத்தால்
இந்த ஊரில் என்னதான் மிஞ்சும்?

முதல் கம்பி: வெளியே கரி, உள்ளே இரத்தம்.
இரண்டாவதில் கொழுப்பு சொட்டி எழுந்த சுவாலை
என் இடது புருவத்தில் பாதியைத் தின்றது.
மூன்றாவதில்தான் பிடிபட்டது.
தணலின்மேல் சாம்பல் வெள்ளையாய்ப் படியும்வரை
கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
உரைகாரரே, இதையாவது எழுதியிருக்கலாம்.

கேற்றடியில் ஒரு புள்ளிமான்.
கோட்டையிலிருந்து இறங்கித் தெருத்தெருவாய்த் திரிகிற கூட்டத்தில் ஒன்று.
வாழைப்பழத் தோலை மென்றபடி
புகையைப் பார்த்தது.
உன் பெயரும் அந்தப் பக்கத்தில் உண்டு,
இரண்டு வரி கீழே.
நான் சொல்லவில்லை.

எட்டரைக்கு மின்சார சபை வாகனம்.
ஏணி, கம்பிச் சுருள்,
உறையிட்ட யாழ்கள்போலப் பொலித்தீன் சுற்றிய பெட்டிகள்.
கந்தளாயிலிருந்து வருகிறார்களாம், மூன்று பேர்.
காலையில் தின்ற பணிசோடு நிற்கிறார்களாம்.
"வாங்கோ" என்றேன்.
எனக்கு முரசுமில்லை, கொடியுமில்லை;
சீனக்குடா ஆலையில் மா மூட்டைக் கணக்கு எழுதுகிறவள்.

சோமதிலக கையுறையைக் கழற்றாமலே கம்பியை வாங்கினார்.
நின்றபடி தின்றார்.
அவர் தோளிலிருந்து ஆவி எழுந்தது.
நான்காவது துண்டுக்குப் பிறகு,
"ரசய்."
அதற்கு உரை தேவைப்படவில்லை.
பெடியன் நிக்சன் மட்டும்
தூள் இன்னும் கொஞ்சம் விழுந்திருக்கலாம் என்றான்.

கரண்ட் அன்றிரவு வரவில்லை.
ஏதோ ஒரு பாகம் அநுராதபுரத்திலிருந்து வரவேண்டுமாம்.
முற்றத்தில் மறந்துபோன ஐந்து கம்பியும்
விடியும்போது துருப்பிடித்துக் கிடந்தன.
உரசிக் கழுவிக்
காயட்டும் என்று யன்னலில் சாத்தினேன்.
றிஸ்மி கேட்டதும்
பிழையில்லை.